விதைநெல் எடுக்கிற போகம்: வட்டை தெரிவதிலிருந்து மூடை கட்டும் வரை

அரிசிக்கு வேளாண்மை செய்கிறவருக்கு ஏக்கருக்கு எத்தனை மூடை என்பதுதான் முதல் கணக்கு. விதைக்குச் செய்கிறவருக்கு அது இரண்டாவது. 100 புசல் (ஒரு புசல் ஏறத்தாழ 20 கிலோ) விளைந்தாலும் வேற்றின நெல் கலந்துவிட்டால் அவ்வளவும் ஆலைக்குத்தான் போகும், விதைக்கென்று செய்த செலவு கையைக் கடிக்கும். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் நிறுவனமாகவோ சங்கமாகவோ இந்தத் தொழிலுக்குள் வருகிறவர்களுக்கு வேளாண்மை தெரியாமல் இல்லை. வெட்டுமெசினிலும் (அறுவடை இயந்திரம்) காயப்போடுகிற படங்கிலும் (விரிப்பு) பழைய சாக்கிலும்தான் விதை கெடுகிறது. அதனால் உரம், மருந்து பற்றி இங்கே சுருக்கமாகவும், நெல் கைமாறுகிற இடங்களைப் பற்றி விரிவாகவும் சொல்கிறோம்.

கணக்குக்கு ஒரு 3½ மாத இனத்தை எடுத்துக்கொள்வோம்: பீஜி 94-1, பீஜி 352, ஏ.ரி 362 போன்றது. பெரும்போகத்தில் விளைவித்து அடுத்த சிறுபோக விதைப்புக்குக் கொடுப்பது திட்டம்.

நாளைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

சிறுபோகத்துக்கு வாய்க்காலில் தண்ணீர் எப்போது வரும் என்பது போகத்துக்கு முன் நடக்கும் ஆரம்பக் கூட்டத்தில் முடிவாகும். சேனநாயக்க சமுத்திரத்து வயல்களுக்கும் உன்னிச்சை, நவகிரி, உறுகாமக் குளத்து வயல்களுக்கும் நாள் வேறுபட்டாலும், விதை தேடி வருகிறவர் சித்திரை வருஷத்துக்கு முன்னரே வந்துவிடுவார். அப்படியானால் மார்ச் கடைசிக் கிழமையில் மூடை தயாராக இருக்க வேண்டும். முளைதிறன் சோதனைக்கு 14 நாள். அதற்கு முன் புதுநெல்லின் உறக்கம் (உயிரிருந்தும் முளைக்காத காலம்) கலைய 3 அல்லது 4 கிழமை. காயப்போட்டுத் தூற்ற 4, 5 நாள். இப்படி எண்ணி வந்தால் பெப்ரவரி 10–15க்குள் வெட்டியாக வேண்டும். 105 நாள் இனத்தை அதற்கு நவம்பர் முதல் நாளையொட்டி விதைக்க வேண்டும். நாற்று நட்டால் இன்னும் 5–7 நாள் கூடும் என்பதால் நாற்றுமேடை ஒக்டோபர் 25 அளவில் விழ வேண்டும்.

விதைப்பு நவம்பர் கடைசிக்குத் தள்ளிப்போனால் வெட்டு மார்ச் நடுவில் வரும். அந்த நெல்லைச் சிறுபோகத்துக்கு விற்கலாம் என்று நம்பி ஒப்பந்தம் எழுதாதீர்கள். ஒன்றில் பீஜி 300, ஏ.ரி 308 போன்ற 3 மாத இனத்துக்கு மாறுங்கள், இல்லையென்றால் அடுத்த பெரும்போகம் வரை களஞ்சியத்தில் வைக்கிற செலவைச் சேர்த்து விலை போடுங்கள்.

வட்டை

தாழ்ந்த வட்டையை (வயல்வெளியை) விட்டுவிடுங்கள். 2011 ஜனவரி வெள்ளமும் 2024 நவம்பர் கடைசி வெள்ளமும் இரண்டு மாவட்டத்திலும் எந்த வயல் எத்தனை நாள் தண்ணீருக்குள் கிடந்தது என்பதை எல்லாருக்கும் காட்டிவிட்டன. வட்டையின் தண்ணீரைப் பார்க்கும் வட்டவிதானையைக் கேட்டால் கண்டம் கண்டமாகச் சொல்வார். வெள்ளம் பயிரை அழிப்பது ஒரு பக்கம். மேல்வயலிலிருந்து அடித்துவரும் நெல்மணி உங்கள் வயலில் தங்கி முளைப்பது இன்னொரு பக்கம், விதைக்காரருக்கு அதுதான் பெரிய வில்லங்கம்.

அடுத்துக் கேட்க வேண்டியது, போன இரண்டு போகம் அந்த வயலில் என்ன இனம் நின்றது என்பது. அதே இனம் நின்ற வயல் முதல் தெரிவு. சிவப்பு நெல் நின்ற வயலில் வெள்ளை நெல் விதைக்கு இறங்குவது வீண் வம்பு. பக்கத்து வயலுக்கும் உங்கள் வயலுக்கும் இடையில் 3 மீற்றராவது விலக்கு வேண்டும். நெல் தன் மகரந்தத்தாலேயே கருக்கட்டுகிற பயிர், அயல் மகரந்தம் சேர்வது பொதுவாக 1 வீதத்துக்கும் குறைவு. ஆகவே அந்த 3 மீற்றர், மகரந்தத்தைத் தடுப்பதைக் காட்டிலும் வரம்புக்கு மேலால் சாயும் கதிரும் திரும்பும்போது தவறி நுழையும் மெசினும் உள்ளே வராமல் காக்கிறது.

மானாவாரி வட்டைகளில் வழக்கமான புழுதி விதைப்பு விதைநெல்லுக்குச் சரிவராது. போன போகம் கொட்டிய நெல்லும் இன்று விதைத்த நெல்லும் ஒரே மழைக்கு ஒன்றாக முளைக்கும். பிறகு எது யாருடைய பிள்ளை என்று கண்டுபிடிக்க வழியில்லை. சேற்று விதைப்பு செய்வதானாலும் வரிசையாக இடும் கருவியால் விதையுங்கள். நாற்று நடுவது எல்லாவற்றிலும் நல்லது.

தாய் விதையும் பதிவும்

இனவிருத்தியாளர் விதை, அடிப்படை விதை, பதிவு செய்யப்பட்ட விதை, அத்தாட்சிப்படுத்திய விதை என்று படி இறங்குகிறது. நீங்கள் அத்தாட்சிப்படுத்திய விதை விற்கப் போகிறீர்கள் என்றால் விதைக்க வேண்டியது அதற்கு ஒரு படி மேலுள்ள விதை. கரடியனாற்றிலும் மல்வத்தையிலும் விவசாயத் திணைக்களப் பண்ணைகள் இருக்கின்றன. தேவையைப் போகத்துக்கு முன்னரே விவசாயப் போதனாசிரியர் ஊடாகப் பதியுங்கள். மூடையில் தைத்திருக்கும் சீட்டையும் பற்றுச்சீட்டையும் எறியக் கூடாது. வயலைப் பார்க்க வரும் விதை அத்தாட்சிப்படுத்தல் உத்தியோகத்தர் முதலில் கேட்பது அதைத்தான். வயலின் வரைபடம், ஏக்கர், இனம், விதைத்த திகதி எல்லாம் எழுதி நேரத்தோடு விண்ணப்பியுங்கள். கதிர் முற்றிய பிறகு போய்ச் சொன்னால், பூக்கும் பருவத்தில் பார்க்க வேண்டியதைப் பார்க்க முடியாமல் போகும். 2003ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க விதைச் சட்டத்தையும், விதை கையாளுகிறவர் பதிவு பற்றி அதில் உள்ளதையும் நிறுவனம் தொடங்கும்போதே வாசித்து வைப்பது நல்லது.

நிலமும் நாற்றும்

முதல் உழவுக்குப் பிறகு தண்ணீரை வைத்து மண்ணை ஈரமாக விடுங்கள். 10–14 நாளில் கொட்டுநெல்லும் (போன போகம் உதிர்ந்தது) களைநெல்லும் (களையாக வளரும் நெல்) பச்சையாக முளைத்து வரும். இரண்டாம் உழவில் அதைப் புதையுங்கள். போன போகம் களைநெல் கண்ட வயலென்றால் இதை இன்னொருமுறை செய்ய வேண்டும். மழை பொழுது தராது என்று இந்த இடத்தில் அவசரப்படுகிறவர் பிறகு ஜனவரியில் ஆள் பிடித்துக் களைநெல் பிடுங்குவார், கூலி மூன்று மடங்காகும். மட்டப்பலகை நன்றாகப் பிடியுங்கள். மேடு பள்ளம் இருந்தால் ஒரே வயலில் ஒரு பகுதி முந்திப் பூக்கும், ஒரு பகுதி பிந்தும். முந்திப் பூத்தது வேற்றினமா மேட்டுப் பயிரா என்று தெரியாமல் கலப்பு (வேற்றினச் செடி) பிடுங்குகிறவர் திண்டாடுவார்.

ஒரு ஏக்கர் நடவுக்கு ஒரு புசல், ஏறத்தாழ 20 கிலோ விதை போதும். உப்புத் தண்ணீரில் புது முட்டையொன்று மிதந்து, அதன் முதுகு ஒரு நாணயமளவு மேலே தெரியும் வரை உப்பைக் கரையுங்கள். அதில் நெல்லைக் கொட்டிக் கிளறி மேலே வருவதை அள்ளி எறிந்துவிட்டு, அடியில் தங்கியதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தரம் கழுவுங்கள். கழுவாமல் விட்டால் முளை கருகும். 24 மணி நேரம் ஊறல், பிறகு ஈரச்சாக்கில் 24 முதல் 36 மணி நேரம். முளை கட்டும் சாக்கு புதியதாக இருக்கட்டும். பழைய சாக்கின் தையலுக்குள் பத்து மணியாவது ஒளிந்திருக்கும். நாற்றுமேடையில் சதுர மீற்றருக்கு 100 கிராம் என்று தூவினால் 200 சதுர மீற்றர் தேவை, அது ஏக்கரில் இருபதில் ஒரு பங்கு.

18–21 நாள் நாற்றை 20 × 15 செ.மீ. இடைவெளியில் இரண்டு மூன்றாக நடுங்கள். ஒவ்வொரு 10 வரிசைக்கும் ஒரு வரிசையை நடாமல் விட வேண்டும். பார்க்கிறவர் “நல்ல நிலத்தை ஏன் வீணாக்குகிறீர்கள்” என்று கேட்பார். அந்த வழி இல்லாவிட்டால் கலப்புப் பிடுங்க இறங்கும் ஆள் வரம்பில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்.

உரம் வழக்கமானதுதான். யூரியா ஏக்கருக்கு 90 கிலோ அளவில், நாலாகப் பிரித்து, இலைநிற அட்டையைப் பார்த்து இடலாம். பிந்திய யூரியாவைக் கூட்டாதீர்கள். பயிர் சாயும், அறக்கொட்டியான் (தத்துப்பூச்சி) குடியேறும், சாய்ந்த கதிர் ஈரத்தில் கிடந்து தாளிலேயே முளைக்கும். எரிபந்தம் (குலைநோய்), நெல் மூட்டுப்பூச்சி இரண்டையும் மட்டும் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். மூட்டுப்பூச்சி குத்திய மணி நிறம் மாறும், முளைதிறனும் விழும்.

கலப்புப் பிடுங்குதல்

மூன்று சுற்று. முதலாவது மட்டம் வெடிக்கும் (பக்கத்தூர் விடும்) பருவத்தில்: உயரம், இலை நிறம், தாளடியின் ஊதா நிறம் பாருங்கள். இரண்டாவது பூக்கும் பருவத்தில், இதுதான் பெரிய சுற்று. இரண்டு மூன்று நாள் இடைவிட்டுக் குறைந்தது மூன்று தடவை இறங்க வேண்டும். முந்திப் பூத்தது, கொடியிலை வேறு கோணத்தில் நிற்பது, மணி நுனியில் நிறம், மீசை, இவை எல்லாம் அப்போது துலக்கமாகத் தெரியும். மூன்றாவது வெட்டுக்கு ஒரு கிழமை முன்: மணியின் வடிவம், உமியின் நிறம்.

காலை ஒன்பது மணிக்குள் இறங்குங்கள். சூரியன் முதுகுப்பக்கம் இருக்க வேண்டும், முகத்தில் அடித்தால் உயரம் தெரியும், நிறம் தெரியாது. செடியை வேரோடு பிடுங்குங்கள். அரிவாளால் கதிரை மட்டும் அறுத்தால் பக்க மட்டத்திலிருந்து இன்னொரு கதிர் வந்து, நீங்கள் பார்த்து முடித்த பிறகு முற்றும். பிடுங்கியதை வரம்பில் போடக் கூடாது, பையில் போட்டு வயலுக்கு வெளியே கொண்டுபோக வேண்டும்.

களைநெல்லைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1990களின் தொடக்கத்திலேயே அம்பாறையில் இது தலைகாட்டியது. உயரமாக நிற்கும், முந்திப் பூக்கும், பெரும்பாலும் மீசை இருக்கும், முற்றியதும் தொட்டாலே கொட்டும். கொட்டியது மண்ணில் உறங்கி அடுத்த போகமும் அதற்கடுத்த போகமும் வரும். நெல்லைக் கொல்லாத களைநாசினி இதையும் கொல்லாது, ஏனென்றால் இதுவும் நெல்தான். மணி பால் பிடிக்கும் முன் பிடுங்குங்கள். பிந்திவிட்டால் முதலில் கதிரைப் பொலித்தீன் பையால் மூடி, பைக்குள் முறித்து, பிறகு செடியைப் பிடுங்குங்கள்.

களைநெல்லின் அரிசி பெரும்பாலும் சிவப்பு. வெள்ளை இனத்தில் ஒரு பிடி நெல்லை உமி நீக்கிப் பார்த்தாலே கலப்பு தெரிந்துவிடும். ஏ.ரி 362 சிவப்பு இனம், அதில் இந்தச் சோதனை எதையும் காட்டாது. சிவப்பு இனத்துக்கு விதை எடுக்கிறவர் வயலிலேயே கண்டுபிடித்தாக வேண்டும். புதிதாகத் தொடங்குகிற நிறுவனம் முதல் போகத்தில் வெள்ளை இனத்தோடு நிற்பது புத்தி.

வெட்டுமெசின்

நூற்றுக்கு 80–85 மணி வைக்கோல் நிறமானதும் வெட்டலாம். மணியின் ஈரம் அப்போது 20–24 வீதம். பச்சையாக வெட்டினால் பதர் கூடும், பிந்தினால் வெயிலும் பனியும் மாறி மாறிப் பட்டு மணி உள்ளுக்குள் வெடிக்கும். 10–14 நாள் முன் தண்ணீரை வடித்துவிடுங்கள்.

இப்போது ஒரு கணக்கு. நடுத்தர நெல்லில் 1000 மணி சுமார் 25 கிராம், ஒரு கிலோவில் 40,000 மணி. முன் வயலில் வெட்டிய நெல் 2 கிலோ மெசினுக்குள் தங்கியிருந்தால் 80,000 மணி. அது உங்கள் 2000 கிலோவுக்குள் கலந்தால் ஆயிரத்துக்கு ஒன்று. அரைக் கிலோ மாதிரி எடுத்தால் அதில் 20 வேற்று மணி. மூன்று மாதம் வயலில் வளைந்து பிடுங்கியதெல்லாம் அரை மணித்தியாலத்தில் போச்சு.

ஆகவே வாடகை பேசும்போதே துப்புரவு நேரத்தையும் சேர்த்துப் பேசுங்கள், சாரதிக்கு மேலதிகமாக ஒரு தொகை கொடுங்கள். அப்போதுதான் அவர் பொறுமையாக நிற்பார். துப்புரவு உங்கள் வயலில் நடக்கக் கூடாது, வீதியோரத்தில் படங்கு விரித்துச் செய்யுங்கள். முதலில் மெசினை வெறுமையாக வேகமாக ஓடவிட்டு, தானியத் தொட்டியைக் காலி செய்து அடி மூடியைத் திறவுங்கள். நெல்லைத் தள்ளும் திருகுதண்டு ஒவ்வொன்றின் அடி மூடியும், மேலே ஏற்றும் குழாயின் கால்மூடியும் கழற்றப்பட வேண்டும். கூடுதலாக நெல் தங்குவது அங்கேதான். அடிக்கும் உருளையின் மேல்மூடி, அதன் கீழுள்ள வலை, சல்லடை, முன்வாயின் மூலைகள், கடைசியில் சங்கிலிச் சக்கரத்துச் சேறு. களைநெல் ஒரு வட்டையிலிருந்து இன்னொரு வட்டைக்கு இந்தச் சேற்றில் ஒட்டியும் போகிறது. காற்றூதி இருந்தால் மேலிருந்து கீழாக ஊதுங்கள். மூடிகளைப் பூட்டி இன்னொரு தரம் வெறும் ஓட்டம்.

வயலுக்குள் இறங்கியதும் ஓரத்து 2 மீற்றரை முதலில் சுற்றி வெட்டுங்கள். அந்த நெல்லும் அடுத்து வரும் இரண்டு மூன்று மூடையும் ஆலைக்கு. மெசினுக்குள் மிச்சமிருந்தது அதோடு கழுவுப்பட்டுப் போகும். உருளையின் வேகத்தைக் குறைத்து ஓட்டச் சொல்லுங்கள். வேகம் கூடினால் உமி உடையும், உடைந்த மணி முளைக்காது. தொட்டியிலிருந்து ஒரு பிடி எடுத்து உமி நீங்கிய மணி எத்தனை என்று அங்கேயே எண்ணிப் பாருங்கள்.

காயப்போடுதல்

வெட்டிய நெல்லை மூடையில் ஒரு இரவு வைத்தாலே உள்ளே கை வைக்க முடியாத சூடு வரும். அன்றே விரியுங்கள். படங்கில் 3 செ.மீ. தடிப்பு, அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை கிளறல். சீமெந்துக் களத்தில் நண்பகல் 11 முதல் 2 வரை நெல்லைக் குவித்து மூடிவிடுங்கள். மணியின் சூடு 43 பாகை செல்சியஸைத் தாண்டினால் முளை செத்துவிடும், வெளியே பார்க்க நெல் தங்கமாகத்தான் இருக்கும். உலர்த்தும் மெசினிலும் அதே எல்லை. ஆலைக்கு நெல் காயவைத்துப் பழகிய ஆளிடம் இதைத் தெளிவாகச் சொல்லுங்கள், அவர் கை தானாகச் சூட்டைக் கூட்டும்.

தார் வீதியில் காயப்போடுவது நம் பக்கத்து வழக்கம். விதைநெல்லுக்கு வேண்டாம். வாகனம் ஏறி மணி வெடிக்கும், நேற்று அதே இடத்தில் காய்ந்த அடுத்த வீட்டு நெல்லும் சேரும்.

பெப்ரவரியில் மழை பிடித்துக்கொண்டால் ஈரநெல்லைப் பொலித்தீனால் மூடி வைக்காதீர்கள், அவிந்துவிடும். கூரைக்கு அடியில் மெல்லியதாக விரித்து மின்விசிறி போட்டு இரவிலும் கிளறுங்கள். சூடில்லாத காற்று போதும், 18 வீதத்துக்கு இறங்கினாலே இரண்டு நாள் தவணை கிடைக்கும்.

இறுதி ஈரம் 13 வீதத்துக்கு மேல் போகக் கூடாது. கரையோரக் களஞ்சியத்துக்கு 12 நல்லது. மானியால் அளக்கும்போது நெல் ஆறியிருக்க வேண்டும், வெயிலிலிருந்து அள்ளிய சூட்டோடு அளந்தால் அளவு பிழைக்கும்.

விவசாயியோடு பணக்கணக்கும் இந்த ஈரத்தில்தான் சண்டையாகிறது. ஒப்பந்தத்தில் 13 வீதத்துக்குச் சமமான நிறை என்று எழுதுங்கள்: நிறுத்த கிலோவை (100 − ஈரம்) ஆல் பெருக்கி 87 ஆல் வகுக்க வேண்டும். 22 வீத ஈரத்தில் 1000 கிலோ கொண்டுவந்தால் 1000 × 78 ÷ 87, ஏறத்தாழ 897 கிலோ. தூற்றிக் கழிக்கிற பதரும் பாதி நிறைந்த மணியும் யார் கணக்கு, வயல் சோதனையில் தவறினால் நெல்லை யார் என்ன விலைக்கு எடுப்பது என்பவற்றையும் விதைப்புக்கு முன்னரே எழுதிவிடுங்கள். வெட்டிய பிறகு பேசினால் உறவும் போகும், அடுத்த போக வயலும் போகும்.

துப்புரவு, சோதனை, மூடை

ஒரு நாளுக்கு ஒரு இனம். இரண்டு இனம் தவிர்க்க முடியாதென்றால் வடிவத்தில் வேறுபட்டதை அடுத்தடுத்து வையுங்கள், நீள நெல்லுக்குப் பிறகு பீஜி 358 போன்ற சம்பா. தவறிக் கலந்தாலும் கண்ணுக்குத் தெரியும், சல்லடையும் பிரிக்கும். ஒன்றுபோலிருக்கும் இரண்டு வெள்ளை இனத்தை ஒரே களத்தில் ஒரே கிழமையில் எடுத்தால் கலந்ததே தெரியாது. வாங்கியவரின் வயலில்தான் தெரியும்.

மூடை முழுக்கப் புதியது. உரப்பையை உள்வெளியாகத் திருப்பிப் போடுவதெல்லாம் இங்கே வேண்டாம். வெட்டு நடக்கும் நாளிலேயே இனம், வயல், திகதி எழுதிய சீட்டு ஒன்றை மூடைக்குள்ளும் இன்னொன்றை வெளியிலும் வையுங்கள். வெளிச்சீட்டை எலி தின்னும்.

முளைதிறன் சோதனைக்கு 400 மணி, நூறு நூறாக நாலு. 5ஆம் நாளும் 14ஆம் நாளும் எண்ணுவது முறை. வீட்டில் ஈரத்துணியில் சுருட்டிப் பார்க்கிறவர் 7ஆம் நாள் எண்ணினால் ஓரளவு தெரியும். அத்தாட்சிப்படுத்திய விதைக்கு 85 வீதம் வேண்டும். வெட்டிய ஒரு கிழமையில் பார்த்துவிட்டு 50 வீதம் என்று பயந்து நெல்லை ஆலைக்கு விற்றவர்கள் உண்டு. அது செத்த விதையல்ல, உறங்குகிற விதை. சந்தேகமானால் மாதிரியை மட்டும் 50 பாகை சூட்டில் 5 நாள் வைத்து மறுபடி சோதியுங்கள். எண்ணிக்கை ஏறினால் உறக்கம், ஏறாவிட்டால் காயவைத்த இடத்தில் பிழை. முழு நெல்லுக்கும் இந்தச் சூட்டைக் கொடுத்துவிடாதீர்கள்.

களஞ்சியத்தில் மரத்தட்டின் மேல், சுவரிலிருந்து அரை மீற்றர் தள்ளி, ஆறு மூடைக்கு மேல் அடுக்காமல் வையுங்கள். ஈரம் ஒரு வீதம் கூடினால் விதையின் ஆயுள் பாதியாகும் என்பது விதைக்காரரின் பழைய கணக்கு. சிறுபோகத்தில் எடுத்துப் பெரும்போகத்துக்கு வைக்கும் விதையை உள்ளே காற்றுப்புகாத பையில் கட்டுங்கள், வாவியோரத்துக் காற்றில் 12 வீத நெல் சில கிழமையில் 14, 15 ஆகிவிடும். வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் களஞ்சியம் போடுகிறவர் எலிக்கும் அந்துப்பூச்சிக்கும் மட்டும் திட்டம் போட்டால் போதாது. நெல் வாசத்துக்குச் சுவரை இடித்து வரும் யானை தகரக் கதவைக் கணக்கில் எடுப்பதில்லை. மூடையை ஊருக்கு நடுவில் வையுங்கள்.

மருந்து கலந்த விதை மிஞ்சினால் அதை ஆலைக்கோ கோழிக்கோ கொடுக்க முடியாது. ஆகவே கேட்டு வந்த அளவுக்கு மட்டும், விற்கும் கிழமையில் கலவுங்கள்.

ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் ஒரு கிலோவை முத்திரையிட்டு, சீட்டு இலக்கத்தோடு எடுத்து வையுங்கள். யாருக்கு எந்த மூடை போனது என்ற கொப்பியும் அதோடு இருக்கட்டும். வாங்கியவரின் வயல் பூத்து முடியும் வரை அந்தக் கிலோவை வெளியே எடுக்க வேண்டாம். “உங்கள் நெல்லில் கலப்பு” என்று ஒருவர் வந்து நின்றால், அதே தொகுதி விதைத்த இன்னும் இரண்டு வயலைப் போய்ப் பாருங்கள். எல்லாவற்றிலும் ஒரே மாதிரி நின்றால் பிழை உங்கள் களத்தில். ஒன்றில் மட்டும் நின்றால் அந்த வயலில் போன போகம் கொட்டிய நெல்லை விசாரியுங்கள்.